தோற்றவர்க்கும் பங்குண்டோ?

விளையாட்டுப் போட்டி முடிந்த அன்று நம் பாடசாலைகளில் நிகழ்வது யாவரும் அறிந்ததே. மேசைமீது கிண்ணங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். வென்ற மாணாக்கர் ஒவ்வொருவராய் அழைக்கப்படுவர். தோற்றவர் பின்வாங்குகளில் இருந்து, பிறர் கைகொட்டுவதைக் கண்டு தாமும் கைகொட்டுவர். ஈற்றில் பெரியாரொருவர் எழுந்து வெற்றியுந் தோல்வியும் ஒன்றேயென்று உபதேசிப்பார். கிண்ணம் பெற்ற பிள்ளை அதனை நம்புவதில்லை; பெறாத பிள்ளை சிறிதும் நம்புவதில்லை. இரண்டும் ஒன்றேயாயின் கிண்ணம் எற்றுக்கு என்று அவன் வாய்விட்டுக் கேளாதிருப்பது அப்பெரியாரது நற்பேறு.

சில திங்களுக்கு முன் நம் நண்பராகிய ஆசிரியரொருவர் தம் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றை நமக்கு உரைத்தார். மழையால் மாணாக்கர் வெளியே செல்லவியலாத ஒருநாள் இருவர் சதுரங்கம் ஆடினர். தோற்கும் நிலையில் இருந்தவன் திடீரெனக் கையால் பலகையைத் தள்ளிவிட்டான். காய்கள் வாங்குகளின் கீழே சிதறின. நண்பர் அவனைக் கடிந்து, காய்களை எல்லாம் பொறுக்கி அடுக்குமாறு பணித்தார். அவன் அவ்வாறே செய்தான். ஆயினும் அன்றிரவு நண்பர்க்கு உறக்கம் வரவில்லை. “அவனுக்கு நான் என் சொல்லியிருத்தல் வேண்டும்? நீ தோற்றாய், பொறுத்துக்கொள் என்பதோ? அவ்வாட்டம் வென்றவனுக்குப் போலவே உனக்கும் உரியது, உன் பொருளை நீயே உடைத்தாய் என்பதோ? பின்னையது உண்மையாயின் அதனையே சொல்லியிருப்பேன். உண்மைதானோ என்பது எனக்குத் தெளிவில்லை” என்றார்.

அவரது ஐயம் நம்மையும் பற்றிக்கொண்டது. பிள்ளையை ஆற்றுதற்பொருட்டுச் சொல்லும் பொய் எத்துணை இனியதாயினும் ஆசிரியர் வாயினின்று பிறத்தற்குரியதன்று. ஒரு செயலில் இருவர் எதிர்நின்று ஒருவர் வென்று மற்றவர் தோற்றபின், அச்செயலின் சிறப்பில் தோற்றவர்க்கு மெய்யாகவே ஒரு பங்கு உண்டோ? உண்டெனின் அஃது எதனால் வருவது? பொதுவகையான் இதனை வாதித்துப் பயனில்லை. நன்கறியப்பட்ட ஓராட்டத்தை எடுத்துக் காய் காயாக நோக்குவோம்.

நாம் எடுத்துக்கொள்வது 1912 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29 ஆந் தேதி இலண்டன் மாநகரில், சிற்றி ஒவ் லண்டன் சதுரங்கக் கழகத்தில் நிகழ்ந்ததாகக் குறிக்கப்பட்டுள்ள ஓராட்டம். பட்டத்திற்காகவோ பணத்திற்காகவோ ஆடப்பட்டதன்று. மாலைப்பொழுதிற் கழகத்திற்கு வந்த இருவர் பொழுதுபோக்காக ஆடிய நட்புமுறை ஆட்டமே அது. இருவரும் சதுரங்கத்தாற் பிழைப்பவரல்லர். வெள்ளைக்காய் கொண்டவர் எட்வர்ட் லாஸ்கர் என்னும் ஜெர்மானியர், பொறியியல் கற்றவர், இலண்டனுக்கு வந்து நெடுநாளாகாதவர். அக்காலத்து உலக வீரராயிருந்த எமானுவேல் லாஸ்கர் வேறொருவர். பெயரொற்றுமை பற்றி மயங்கற்க. கறுப்புக்காய் கொண்டவர் ஜோர்ஜ் அலன் தோமஸ் என்பவர். பிரபுகுலத்தவர், பின்னர்த் தந்தையின் பட்டத்திற்கு உரியராகி ஸர் ஜோர்ஜ் தோமஸ் என வழங்கப்பெற்றவர். அவர் தாயாரே சதுரங்கத்தில் வல்லவர். 1895 இல் ஹேஸ்டிங்ஸ் நகரில் மகளிர்க்கென நடந்த போட்டியில் முதலிடம் பெற்றவர். தோமஸ் அவர்களோ அக்கழகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர். வந்தவர் புதியவர், இருந்தவர் பெயர்பெற்றவர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

சதுரங்கம் பழகாத ஆசிரியர் சிலரும் இதனை வாசிப்பராதலின் ஒருசில சொல்லவேண்டும். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிக்கும் வடசொல்லே சதுரங்கம் என்பது. இவ்வாட்டம் பாரத தேசத்தினின்று பாரசீகத்திற்கும், அங்குநின்று அராபியர் வாயிலாக ஐரோப்பாவிற்கும் சென்றது. முன்னாளில் அரசனருகே நின்ற அமைச்சன் ஒரு நகர்த்தலில் மூலைவாட்டாக ஒரு கட்டமே செல்வான். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியளவில் ஐரோப்பியர் அவ்விடத்தில் இராணியை நிறுத்தி, நேரேயும் மூலைவாட்டிலும் எத்துணைக் கட்டமாயினும் செல்லும் ஆற்றலை அவளுக்கு அளித்தனர். ஆகவே இக்காலத்து ஆட்டத்தில் இராணியை இழந்தவன் பெரும்பாலும் ஆட்டத்தையே இழந்தவனாவான். ஏனைய காய்களை நாம் கோட்டை, மந்திரி, குதிரை, காலாள் என வழங்குவோம். எதிரியின் அரசனைத் தாக்குவது முற்றுகை. தப்ப வழியற்ற முற்றுகை இறுதி முற்றுகை. அத்துடன் ஆட்டம் முடியும்.

முதற் பத்து நகர்த்தல்களை விரிக்கவேண்டுவதில்லை. தோமஸ் டச்சுத் தடுப்பு எனப்படும் முறையைக் கைக்கொண்டு, தம் அரசனை வலப்புறக் கோட்டையின் மறைவில் ஒளித்தார். லாஸ்கர் தம் இரு குதிரைகளையும் பலகையின் நடுவே கொணர்ந்து நிறுத்தினார். பத்தாவது நகர்த்தலில் அவர்தம் இராணி ஓரத்துக்கு வந்து, கறுப்பு அரசனுக்கு முன்னின்ற ஓரக் காலாளை நோக்கி நின்றது. அவர் எண்ணியது வெளிப்படை. ஒரு குதிரையால் காவலாய் நின்ற கறுப்பு மந்திரியை வெட்டி முற்றுகையிட்டு, அடுத்து இராணியால் அவ்வோரக் காலாளை வெட்டி அரசனை முடித்துவிடலாம்.

தோமஸ் இதனைக் காணாதிருந்தாரல்லர். கண்டார், கண்டே தம் இராணியை ஒரு கட்டம் முன்னே, இரண்டாம் வரிசைக்கு நகர்த்தினார். அதன் கருத்து யாதெனின், வெள்ளைக்குதிரை மந்திரியை வெட்டினால் அரசனை அடுத்துநின்ற காலாள் அக்குதிரையை வெட்டும். வெட்டவே வரிசை திறந்து, இராணி குறுக்கே ஓரக் காலாளைக் காத்து நிற்கும். தடுப்பு நுட்பமானதே. ஆயினும் அதுவே தோல்விக்கு வித்தாயிற்று. நடுவே நின்ற குதிரைகளுள் ஒன்றையேனும் மந்திரியால் வெட்டி நீக்கியிருப்பின் ஆட்டம் வேறுவழிச் சென்றிருக்கும்.

ஈண்டுச் சிறிது நிற்போம். தவறு என்று நாம் ஒரே சொல்லாற் சொல்வனவற்றுட் பல இனம் உண்டு. சோம்பலால் நேர்வது ஒன்று. செருக்கினால், எதிரியை அற்பமாக எண்ணி நேர்வது ஒன்று. கண்ட ஆபத்தைக் காக்க முழுமனத்தோடு முயன்று, அம்முயற்சியின் மறுபுறத்தே காணாத ஆபத்து இருந்தமையான் நேர்வது மற்றொன்று. தோமஸ் அவர்களது தவறு மூன்றாம் இனத்தைச் சேர்ந்தது. பரீட்சைத் தாளில் சிவப்பு மையால் நாம் இடும் கோடு மூவகைக்கும் ஒன்றாகவே இருக்கின்றது. கணக்கில் வழி அனைத்துஞ் சரியாய்ச் செய்து ஈற்றிற் பிழைத்த பிள்ளையும், கேள்வியையே வாசியாத பிள்ளையும் ஒரே பூச்சியத்தைப் பெறுவதை நாமும் பலகாற் செய்துள்ளோம், நினைக்குந்தோறும் நாணுகின்றோம்.

பதினோராவது நகர்த்தலில் லாஸ்கர் குதிரையாற் றொடங்கினாரல்லர். இராணியாலேயே அவ்வோரக் காலாளை வெட்டி முற்றுகையிட்டார். இராணியையே பலிகொடுத்தாரென்க. கறுப்பு அரசனுக்கு அவளை வெட்டுவதன்றி வேறு நகர்த்தல் இல்லை. வெட்டினான். உடனே நடுவில் நின்ற குதிரை பாய்ந்து மந்திரியை வெட்டிற்று. அது விலகிய வழியே பின்னின்ற வெள்ளை மந்திரியும் அரசனை நோக்கிற்று. ஒரே நகர்த்தலில் இரண்டு காய்கள் முற்றுகையிட்டமையின், ஒன்றை வெட்டி மற்றொன்றினின்று தப்புதல் கூடாது, அரசன் நடந்தேயாகவேண்டும். மூலைக்கு ஒதுங்கினால் மற்றைக் குதிரையால் அடுத்த நகர்த்தலிலேயே முடிவு. ஆதலின் முன்னே ஓரடி வைத்தான்.

அதன்பின் நிகழ்ந்ததே இவ்வாட்டத்தை நூற்றாண்டு கடந்தும் நினைக்கச்செய்வது. இரண்டாங் குதிரை முற்றுகையிட்டது. அரசன் முன்னே சென்றான். ஓரக் காலாள் இரண்டு கட்டம் ஏறி முற்றுகையிட்டது. மேலும் முன்னே சென்றான். அடுத்த காலாள் ஒரு கட்டம் ஏறிற்று, மேலும் முன்னே. மந்திரி பின்வாங்கி முற்றுகையிட்டது. கோட்டை ஒரு கட்டம் எழுந்து முற்றுகையிட்டது. கறுப்பு அரசன் தன் மாளிகையினின்று புறப்பட்டு, ஏழு நகர்த்தலில் பகைவனது படைகளுக்கு ஊடே நடந்து, பலகையின் மறுமுனையில் வெள்ளையரசனின் முதல் வரிசையிலேயே வந்து நின்றான். பதினெட்டாவது நகர்த்தலில், அதுவரை ஒருமுறையும் அசையாதிருந்த வெள்ளையரசன் ஓரடி விலகினான். அவன் பின்னே, அதுவரை தானும் அசையாது நின்ற மூலைக் கோட்டைக்கு வழி திறந்தது. இறுதி முற்றுகை.

அந்நிலையிற் பலகையைப் பார்ப்பவர்க்கு ஒரு வியப்பு உண்டாகும். கறுப்புக்கு இராணி உண்டு. இரு கோட்டைகளும் உண்டு. மந்திரியுங் குதிரையும் உண்டு. வெள்ளைக்கு இராணியே இல்லை. படையளவால் நோக்கின் தோற்றவரே மிக்கவர். அப்பெரும்படை முழுதும் வீட்டில் நிற்க, அரசன் மட்டும் துணையின்றி அயலூரில் மாண்டான்.

இனி வினாவிற்கு வருவோம். அரசன் நடந்த ஏழு நகர்த்தலில், ஒன்றிலன்றி ஏனைய ஆறிலும் விதிப்படி செல்லக்கூடிய இடம் ஒவ்வொன்றே இருந்தது. மற்றைய ஒன்றிலும் இருந்த இரண்டாவது வழி உடனே சாவதற்கான வழி. எனவே பதினோராவது நகர்த்தலுக்குப் பின் தோமஸ் அவர்களுக்குத் தெரிவு என்பது காய்களில் இல்லை. அவரிடத்தில் ஒரு பள்ளிச் சிறுவனை இருத்தி விதிகளை மட்டும் கற்பித்திருந்தாலும், அவன் கையும் அதே கட்டங்களிலேதான் அரசனை வைத்திருக்கும். ஊழோ முயற்சியோ என்னும் பழைய வழக்கில் ஊழின் பக்கத்தார்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. அங்ஙனமாயின், பிறர் இழுத்த இழுப்பிற் சென்றவர்க்கு அச்செலவின் அழகிற் பங்கு உண்டென்பது யாங்ஙனம்? தேரின் சக்கரத்தில் அகப்பட்ட புல்லுக்குத் தேரோட்டத்திற் பங்குண்டென்பார் உளரோ?

இத்தடை வலியது. ஆயினும் அது ஒன்றை மறந்தது. காய்களில் தெரிவு அற்றபோதும், ஆடுபவரிடம் ஒரு தெரிவு எஞ்சியிருந்தது. ஒவ்வொரு நகர்த்தலிலும் அவர் ஆட்டத்தை ஒப்புக்கொடுத்து எழுந்திருக்கலாம். சதுரங்கத்தில் இஃது இழிவன்று; நன்றாக ஆடுவோரிடையே வழக்கமே அது. தோல்வி உறுதியென்று கண்டவன் தன் அரசனைச் சாய்த்துக் கைகொடுத்து எழுவான். எதிரி அறிவுள்ளவன், இனித் தவறான் என்று அவனை மதிப்பதே அதன் பொருள். தோமஸ் அவர்களும் பன்னிரண்டாவது நகர்த்தலிலோ பதினான்காவதிலோ அவ்வாறு எழுந்திருப்பின் ஒருவரும் குறைகூறியிரார். அவர் எழுந்தாரல்லர். அரசனை ஏழு முறை தம் கையாலேயே எடுத்து, அவன் சாகவேண்டிய இடம் வரையும் கொண்டுபோய் வைத்தார்.

தோற்பது தெரிந்தபின்னும் ஆடுவது இருவகைப்படும். எதிரி எங்கேனும் தவறுவான், அத்தவற்றைப் பற்றிக்கொண்டு பிழைக்கலாம் என்று இழுத்துக்கொண்டே இருப்பது ஒன்று. மற்றவன் தொடங்கிய நல்லதொரு செயல் நிறைவுபெறட்டும், என் மானத்தின்பொருட்டு அது பாதியில் நிற்கவேண்டாம் என்று இருப்பது மற்றொன்று. வெளிச்செயல் இரண்டிற்கும் ஒன்றே. கை அரசனை எடுக்கிறது, வைக்கிறது. உள்ளமே வேறு. உள்ளத்தைப் பிறர் எங்ஙனம் அறிவது எனின், ஆட்டம் முடிந்தபின் முதலில் வரும் சொல்லால் அறியலாம். ஈண்டு வந்த சொல் யாதென்பதை லாஸ்கரே பின்னாளிற் குறித்துள்ளார். தோமஸ் அவ்வாட்டம் மிக நன்றாயிருந்தது என்று புகழ்ந்தார். லாஸ்கருக்கு அக்காலத்தில் ஆங்கிலம் வாராதாகலின், அருகே நின்று பார்த்தவரொருவர் அச்சொல்லை மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியதாயிற்று.

நாம் இதனையே பெரிதாக மதிக்கின்றோம். தோல்வி முகத்தின்முன் இருக்கிறது. பார்த்து நிற்பவர் உளர். வென்றவன் முன்பின் அறியாத புதியவன், தான் சொல்வது அவனுக்கு விளங்காதென்றும் தெரியும். வாய்திறவாது எழுந்து போதற்கு இத்துணை ஏது இருந்தும், ஆட்டத்தை ஆட்டமாகக் கண்டு நன்றென்று சொல்லுதற்கு, தன்னைத் தன் தோல்வியினின்று ஒரு கணமேனும் பிரித்தெடுக்கும் ஆற்றல் வேண்டும். புல்லிற்கும் மனிதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. புல் சக்கரத்தைப் புகழ்வதில்லை. 1997 ஆம் ஆண்டு மே மாதம் ‘டீப் புளூ’ என்னும் கணிப்பொறி அக்காலத்து உலக வீரராகிய கஸ்பரோவை ஒரு போட்டியில் வென்றது. இன்றோ எந்தப் பெருவீரரும் பொறியை எதிர்நின்று வெல்லல் அரிது. அத்துணை வல்ல பொறியும் மற்றொரு பொறிக்குத் தோற்றபின் நன்றென்று சொல்வதில்லை. தோல்வியில் அதற்கு இழப்பதும் இல்லை, பெறுவதும் இல்லை.

இஃது ஆங்கிலேயரின் வெறும் உபசாரமன்றோ, உள்ளே எரிந்துகொண்டு வெளியே முறுவலிக்கும் பழக்கமன்றோ என்று சிலர் கேட்பர். நம்மவரிற் சிலர் ஆங்கிலேயரின் கழுத்துப்பட்டியையும் கைகுலுக்கலையும் கண்டு மயங்கியது போலவே, வேறு சிலர் அவர் செய்வதனைத்தும் பொய்யென்று ஒதுக்குவதும் உண்டு. இரண்டும் அளவு கடந்தவை. உபசாரச் சொல்லின் பின்னே வருத்தம் இருந்திருக்கலாம், இருந்தே இருக்கும். வருத்தமே இல்லாதவன் புகழ்வதிற் சிறப்பென்னை? பசியில்லாதவன் தன் சோற்றைப் பிறர்க்கிடுவது போல்வதே அது. வருந்தும்போதே நன்றென்று சொல்வதும், சொல்லிச் சொல்லி அதனைப் பழகுவதும், பழகியது நாளடைவில் உள்ளத்துட் புகுவதும் நற்குணம் விளையும் முறையென்றே நாம் எண்ணுகின்றோம். பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லப் பழக்கும் நாம், முதல்நாளே அவர் உள்ளத்தில் வணக்கம் நிறைந்திருந்ததோ என்று கேட்பதில்லையே.

நட்புமுறை ஆட்டந்தானே, இழப்பதற்கு என்ன இருந்தது என்னுங் கேள்வியும் எழும். பட்டங்களை இழந்தவர்கள் அமைதியாய் இருப்பதைக் கண்டிருக்கின்றோம். உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்னும் நினைவே அவரைத் தாங்கும். மாலையில் விளையாட்டாய் ஆடி, நேற்று வந்தவனிடம் தோற்பதிற்றான் மனிதன் கவசமின்றி நிற்கின்றான். அன்றியும் தோமஸ் இழக்கத்தக்க பெயருடையவரே. 1923 இலும் 1934 இலும் பிரித்தானியச் சதுரங்க வீரர் பட்டம் அவர்க்கே கிடைத்தது. 1934 ஆம் ஆண்டிறுதியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியிலே, முன்னாள் உலக வீரர் கபபிளாங்காவையும் பின்னாளில் உலக வீரரான பொட்வின்னிக்கையும் வென்று, இயூவே, ஃப்ளோர் என்பாருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். பூப்பந்தாட்டத்திலும் அவர் தலைசிறந்தவர். 1920 முதல் 1923 வரை நான்காண்டு தொடர்ந்து அகில இங்கிலாந்து ஒற்றையர் பட்டம் பெற்றார். ஆடவர்க்கான உலகக் குழுப்போட்டியின் தோமஸ் கிண்ணம் அவர் அளித்தது, 1948–49 இல் முதன்முறை போட்டியிடப்பட்டது. தோற்றவரென்று நாம் எடுத்துக்கொண்டவரின் பெயரே வென்றவர் தூக்கிப்பிடிக்கும் கிண்ணத்தின் பெயராயிருப்பதை மாணாக்கர்க்குச் சொல்லலாம். அவர்கள் சிரிப்பார்கள், மறவார்கள்.

இதுகாறும் தோற்றவரைப் பற்றியே பேசினோம். வென்றவரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அதுவே நம் வழக்கைத் தீர்க்குமென்று நினைக்கின்றோம்.

லாஸ்கர் ஆடியது பிழையற்ற ஆட்டமன்று. பதினான்காவது நகர்த்தலில் அவர் ஓரக் காலாளை ஏற்றினாரென்றோம். அதற்குப் பதிலாக அரசன் பக்கத்து மந்திரிக்கு நேரே நின்ற காலாளை இரண்டு கட்டம் ஏற்றியிருப்பின், இறுதி முற்றுகை ஒரு நகர்த்தல் முன்னரே, பதினேழாவதிலேயே வந்திருக்கும். இதனைப் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். ஆகவே வென்றவர் கண்டது குறுகிய வழியன்று.

குறுகிய வழியை அவர் கண்டிருந்தால் என்னாம்? கறுப்பு அரசன் இடைவழியிலேயே இறந்திருப்பான். பகைவனின் முதல் வரிசை வரை நடந்த அந்நடை நிகழ்ந்திராது. அசையாதிருந்த வெள்ளையரசன் முதன்முறை ஓரடி விலகி ஆட்டத்தை முடிக்கும் அவ்வீற்று நகர்த்தலும் இராது. இன்று நூல்களில் அச்சாகி எடுத்துக்காட்டப்படுவது எதனாலோ, அதுவே இல்லாதொழிந்திருக்கும். அங்ஙனமே, தோமஸ் தம் இராணியை வேறிடத்து வைத்திருப்பின் இஃதில்லை. பன்னிரண்டாவது நகர்த்தலில் எழுந்திருப்பினும் இஃதில்லை. ஒருவர் நன்முயற்சியில் நேர்ந்த பிழை, மற்றவர் காணாது விட்ட குறுக்குவழி, முன்னவர் கடைசிவரை இருந்த பொறுமை ஆகிய மூன்றுங் கூடியே அவ்வாட்டம் ஆயிற்று. மூன்றில் இரண்டு தோற்றவரிடமிருந்து வந்தவை. இராணியைப் பலியிட்ட துணிவு லாஸ்கருடையதே. அப்புகழை அவரிடமிருந்து ஒருவரும் பறித்தல் வேண்டாம். அத்துணிவு விழுந்து முளைத்த நிலம் இருவர்க்கும் பொது.

எல்லாத் தோல்விக்கும் இப்பங்கு உண்டென்று நாம் சொல்லவில்லை. பலகையைத் தள்ளிவிட்டவனுக்குப் பங்கில்லை. அவன் அதனைத் தானே துறந்தான். ஆடாது காலங்கடத்தினவனுக்கும் இல்லை. வென்றவனாயினும், எதிரியின் பிழையை எள்ளி நகைத்தவன் தன் பங்கிற் சிறிது இழந்தவனே என்று சொல்லத் துணிவோம். இவ்விடத்தில் நம் நண்பர் நம்மோடு மாறுபடுகின்றார். பிள்ளைகள் சிறிது நகைப்பது இயல்பென்கின்றார். அவர் நாடோறும் நாற்பது பிள்ளைகளோடு இருப்பவராதலின் அவர் சொல்லைத் தள்ளிவிடவும் நமக்கு மனமில்லை.

சதுரங்கக் கழகங்களில் ஒரு நல்வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்தபின் இருவரும் எழுந்துபோகாது, காய்களை மீண்டும் தொடக்கத்தினின்று அடுக்கி, நகர்த்தல் ஒவ்வொன்றாய் வைத்து, எவ்விடத்தில் வழி பிரிந்தது, வேறென்ன செய்திருக்கலாம் என்று சேர்ந்து தேடுவர். இங்கே வென்றவனே தோற்றவனுக்கு, நீ இதனை ஆடியிருந்தால் நான் இடர்ப்பட்டிருப்பேன் என்று காட்டிக்கொடுப்பான். சற்றுமுன் ஒருவரையொருவர் வீழ்த்த முயன்றவர் இப்போது ஒரு பக்கத்தில் இருக்கின்றனர். எதிர்ப்பக்கத்தில் இருப்பது மெய் ஒன்றே. நகர்த்தல்களை எழுதிவைக்கும் வழக்கமும் இதற்குத் துணை. இலண்டனில் அன்று ஆடியதை ஒருவர் எழுதிவைத்தமையாலன்றோ இன்று நாம் அதனைப் பேசுகின்றோம்.

இவற்றையெல்லாம் நண்பர்க்கு ஒருவாறு எழுதியனுப்பினோம். அவர் விடையாக நெடிய கடிதம் எழுதவில்லை. அம்மாணாக்கர் இருவரையும் அழைத்து, தள்ளிவிடப்பட்ட ஆட்டத்தை நினைவிலிருந்து மீண்டும் அடுக்குமாறு சொன்னாராம். தள்ளியவன் முதலில் மறுத்தான். மற்றவன் தானே அடுக்கத் தொடங்கி, ஒரு காயைப் பிழையான கட்டத்தில் வைக்கவே, இவனுக்குப் பொறுக்கவில்லை. அது அங்கே நிற்கவில்லையென்று எடுத்துத் திருத்தினான். பின்னர் இருவருமே வைத்துக்கொண்டு வந்தனர். பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ நகர்த்தலில் கறுப்புக் குதிரை எக்கட்டத்தில் நின்றதென்பதில் இருவர்க்கும் வழக்குண்டாயிற்று. மணி அடித்தும் எழுந்தாரல்லர். பலகையை அப்படியே அலுமாரியின் மேலே தூக்கிவைத்தனர். நண்பர் நமக்கு எழுதிய அன்றும் அது அங்கேயே இருந்தது, குதிரை இன்னும் தீர்ப்பாகவில்லை.